சமோவாப் பாட்டியிடம் பாய் முடையக் கற்றுக்கொள்வது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருமகள் பசிபிக் தீவு நாடான சமோவாவைச் சேர்ந்த குடும்பத்துப் பெண், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பாட்டி பாய் முடைவதில் கைதேர்ந்தவர், இன்றும் முடைகிறார். உங்கள் ஒன்பது வயதுப் பேத்திக்கு அதைக் கற்றுக்கொள்ள ஆசை. காணொளி பார்த்து வீட்டிலேயே தொடங்கி வைக்கலாமா, நேரே கொள்ளுப்பாட்டியிடம் அனுப்பலாமா, எத்தனை நாளில் கை வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரே அனுப்புங்கள். காணொளி பார்த்தால் பின்னல் வராது என்பதற்காகச் சொல்லவில்லை. பின்னல் ஒரு மத்தியானத்தில் வந்துவிடும். ஒன்று மேலே, ஒன்று கீழே, அவ்வளவுதான். அது வந்ததும் வேலை தெரிந்துவிட்டது என்று குழந்தை நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்போடு பாட்டி முன்னால் போய் உட்கார்ந்தால் இரண்டு பேருக்குமே சங்கடம்.

நான் தெற்கு ஆக்லாந்தில் மாங்கேரே பக்கம் ஏழெட்டு வருஷம் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சமோவா அம்மாவிடம் உட்கார்ந்து கற்றவள். விசிறி செய்வேன், சின்னத் தட்டுப்பாய் முடைவேன். அவர்களுடைய மெல்லிய பாய் என் கைக்கு வந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. சொல்வதெல்லாம் அந்த அளவு அனுபவத்தை வைத்தும், அவர்கள் வீட்டில் கேட்டதையும் பிறகு படித்ததையும் வைத்தும்தான்.

முதலில் ஒரு சொல் விவகாரம். நீங்கள் 'நெசவு' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் தறி வேலைக்கும் இதற்கும் ஒரே சொல்லைப் போடுவதால் வரும் குழப்பம் இது. இங்கே தறி கிடையாது, பாவும் ஊடும் கிடையாது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓலைக் கீற்றுகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்வாகப் பின்னிக்கொண்டே போகிறார்கள். நமக்கு இதற்கு 'முடைதல்' என்ற நல்ல சொல் இருக்கிறது. கீற்று முடைகிறோம், கூடை முடைகிறோம் இல்லையா, அதுதான். சமோவா மொழியில் 'லலங்கா'. எழுத்தில் பார்த்தால் 'லலகா' போல இருக்கும், ஆனால் அவர்கள் எழுதும் 'g' என்ற எழுத்துக்கு எப்போதும் 'ங' ஒலி. மருமகளிடம் சரியாகச் சொல்லிக் காட்டினால் சந்தோஷப்படுவார்.

ஓலை நமக்குத் தெரிந்த தாழை இனம்தான். ஓரத்தில் முள், நடு நரம்பின் அடியிலும் முள். ஆனால் அங்கே வேலைக்கு ஏற்ற மாதிரி வகைகளைப் பிரித்து வளர்க்கிறார்கள். தரையில் விரிக்கும் முரட்டுப் பாய்க்குப் 'பஓங்கோ' என்று ஒரு வகை, படுக்கும் பாய்க்கும் விசிறிக்கும் பைக்கும் 'லௌஃபாலா', மெல்லிய பாய்க்கு மட்டும் 'லௌஇயே'. இது தவிரத் தென்னை ஓலை. சாப்பாடு வைக்கும் தட்டு, கிழங்கு சுமக்கும் கூடை, வீட்டைச் சுற்றி மழைக்கு இறக்கிவிடும் ஓலைத் தட்டி எல்லாம் தென்னையில். கூடை முடைவது பெரும்பாலும் பையன்கள் வேலை. மண் அடுப்பில், அதாவது ஊமுவில், சமைக்கும் நாளில் பச்சை மட்டையை வெட்டிப் பத்து நிமிஷத்தில் ஒரு கூடை முடைந்து, சாயங்காலம் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தேங்காய் நாரைத் தொடையில் உருட்டிக் கயிறாகப் பின்னுவது வயதான ஆண்களின் வேலை. ஊர்க் கூட்டத்தில் பேச்சு நடக்கும்போதும் கை அதைப் பின்னிக்கொண்டே இருக்கும். பாய் மட்டும் பெண்களுடையது. செய்வது மட்டுமல்ல, அந்தச் சொத்தும் பெண்கள் பக்கத்துச் சொத்தாகவே கருதப்படுகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். குடும்பத்தில் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றால், நாம் நினைக்கிற அர்த்தத்தில் கற்றுக்கொடுப்பதே இல்லை. குழந்தைக்கு முதலில் கிடைப்பது எடுபிடி வேலை. ஓலையைக் காயப் போடு, மேகம் வந்தால் ஓடிப்போய் எடு, முள் சீவிய பிசிறைப் பெருக்கு, காய்ந்த ஓலையை வளையமாகச் சுற்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முப்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, சனிக்கிழமை தோறும் போய் ஓலை சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம். கீற்றைப் பின்னக் கேட்டபோதெல்லாம் அந்த அம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு சுருளை என் பக்கம் தள்ளிவிடுவார். எனக்கு ரோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் புரிந்தது. ஓலை சுற்றச் சுற்ற விரலுக்கு ஒரு அறிவு வருகிறது. எது தடிப்பு, எது மெலிவு, எது மடித்தால் ஒடியும், எதற்கு இன்னும் ஒருநாள் வெயில் வேண்டும், இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏறி ஓலை முறுமுறுப்பானால் மடிப்பில் கீறும். அதனால் காலையிலோ மழை நாளிலோ வேலை நன்றாக நடக்கும். இதை எனக்கு யாரும் வாக்கியமாகச் சொல்லவில்லை. வெயில் நேரத்தில் அந்த அம்மா வேலையை ஓரம் கட்டிவிட்டுத் தேநீர் போடப் போவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தப்புச் செய்தால் திட்டு கிடையாது. பாயைத் தன் பக்கம் இழுத்து, தப்பு இருக்கும் வரிசை வரை பிரித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பத் தள்ளுவார். ஒருமுறை நான் இரண்டு மணி நேரம் முடைந்ததை அப்படிப் பிரித்துவிட்டார். தப்பு எங்கே என்று கேட்டேன். பதில் வரவில்லை. பெரியவர்களைக் கேள்வி மேல் கேள்வி கேட்பது அந்த வீடுகளில் வழக்கமில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். பார், செய், பிரிக்கப்பட்டால் மறுபடி செய். நம்முடைய பிள்ளைகள் நியூசிலாந்துப் பள்ளியில் 'ஏன்' கேட்டுப் பழகியவர்கள். உங்கள் பேத்திக்கு இந்த மௌனம் கோபம் மாதிரி தெரியலாம். கோபமில்லை என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. 'ஓ லே ஆலா இ லே பூலே ஓ லே தௌதூவா'. அதிகாரத்துக்குப் போகும் வழி சேவை என்று அர்த்தம். குடும்பத் தலைவர் பட்டம் வாங்குகிறவர்களைப் பற்றித்தான் இதை அதிகம் சொல்வார்கள். ஓலை சுற்றும் சிறுமிக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

மெல்லிய பாய் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் பாட்டி எதற்காக இவ்வளவு நிதானமாக இருக்கிறார் என்பது விளங்கும். 'இயே தோங்கா' என்பார்கள். அதிலும் மிக நுண்ணியது 'இயே சாயே'. பாய் என்று பெயரே தவிர, யாரும் அதில் உட்காருவதில்லை, படுப்பதில்லை. தொட்டுப் பார்த்தால் பழைய பட்டுத் துணி மாதிரி குழையும். லௌஇயே ஓலையில் முள் சீவி, வெந்நீரிலோ அடுப்புச் சூட்டிலோ பதப்படுத்தி, ஒவ்வொரு ஓலையையும் தோல் உரிப்பது போல இரண்டு அடுக்காகப் பிரிக்கிறார்கள். 'சாயே' என்ற சொல்லே அந்தப் பிரிப்பைக் குறிப்பதுதான். பளபளக்கும் மேல் அடுக்கைக் கட்டிக் கடல் நீரில் சில நாள் ஊறப்போட்டு, கழுவி, வெயிலில் வெளுக்க வைத்து, பிறகு ஊசியாலோ சிப்பியாலோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு வகிர்கிறார்கள். வீட்டுக்கு வீடு வரிசை கொஞ்சம் மாறும், ஆனால் வேலையின் பாதி இதிலேயே போய்விடும். முடைவதற்குப் பல மாதம், சிலவற்றுக்குப் பல வருஷம். கடைசியில் ஓரத்தில் குஞ்சமும் சிவப்பு இறகு வரிசையும். அந்த இறகு ஒரு காலத்தில் சின்னக் கிளி இனங்களுடையது, ஃபிஜியிலிருந்துகூடப் பண்டமாற்றில் வந்திருக்கிறது. இன்றைக்குச் சாயம் ஏற்றிய கோழி இறகு.

வயது ஏற ஏறப் பாய் பொன்னிறமாகும், மதிப்பும் ஏறும். பழைய பாய்களுக்குப் பெயர்கூட உண்டு. 'ஒன்றுதான், ஆனால் ஆயிரம்' என்று பொருள்படும் 'தாசி ஆயே ஆஃபே' அப்படி ஒரு பெயர். பக்கத்துத் தீவு நாடான தோங்காவில் அரச குடும்பத் திருமணங்களில் எடுக்கும் பெயர் பெற்ற பாய்களும் சமோவாவில் பிறந்தவைதான்.

இந்தப் பாய் முடைந்தவளிடம் தங்குவதில்லை. கல்யாணம், சாவு, பட்டம் சூட்டல், தேவாலயத் திறப்பு என்று ஏதாவது ஒன்று வரும். இப்படிக் குடும்பத்தைக் கூப்பிடும் காரியம் எதுவானாலும் 'ஃபாஅலவேலவே' என்பார்கள். அப்போது பாயை விரித்துத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பார்க்க நடந்து போய்க் கொடுக்க வேண்டும். வாங்குகிற பக்கத்துப் பெண்கள் 'சாஓ! ஃபாஅலாலெலெய்!' என்று உரக்கப் பாராட்டுவார்கள். கொடுத்த பாய் வேறு வீட்டுக்கு, அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு என்று சுற்றும். யார் எதைக் கொடுத்தார்கள் என்ற ஞாபகம் மட்டும் எந்த வீட்டிலும் அழிவதில்லை. மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டியதில்லை.

மன்னிப்புக் கேட்பதற்கும் இதே பாய்தான். 'இஃபோங்கா' என்று பெயர். ஒருவன் இன்னொரு குடும்பத்தில் உயிரிழப்போ பெரிய அவமானமோ உண்டாக்கிவிட்டால், அவன் குடும்பத் தலைவர் விடியற்காலையில் பாதிக்கப்பட்ட வீட்டு முன்னால் போய், தலை மேல் மெல்லிய பாயைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். உள்ளே இருப்பவர்கள் வந்து பாயை எடுத்தால் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். எடுக்கும் வரை அவர் அப்படியே இருக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 1 அன்று ஆக்லாந்து நகர மண்டபத்தில் அன்றைய பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் இதே வழக்கப்படி பாய்க்குள் உட்கார்ந்தார். 1970களில் விசா காலம் முடிந்தவர்களைத் தேடுகிறோம் என்று பசிபிக் தீவுக்காரர்களின் வீடுகளில் போலீஸ் விடியற்காலையில் புகுந்ததற்காக அரசு கேட்ட மன்னிப்பு அது. என் பக்கத்து வீட்டு அம்மா அந்தக் காலத்தில் இளம்பெண்ணாக ஆக்லாந்தில் இருந்தவர். அந்த நிகழ்ச்சி பற்றி அவரிடம் நான் கேட்டதற்கு அவர் சொன்னது பாயைப் பற்றி மட்டும்தான்: நல்ல பாய், பார்த்தாயா, இழை எவ்வளவு சன்னம்.

இந்த இடத்தில்தான் குடும்பம் எதற்கு என்பது வருகிறது. பாட்டி பள்ளி ஆசிரியை இல்லை. அவர் முடைகிற ஒவ்வொரு பாயும் ஏதோ ஒரு வீட்டுக்குப் போக வேண்டியது, அல்லது போகத் தயாராக இருக்க வேண்டியது. யாருக்கு, எதற்கு, அந்த வீட்டோடு நமக்கு என்ன உறவு என்ற பேச்சு முடையும்போது ஓடிக்கொண்டே இருக்கும். அத்தை யார், எந்த ஊர்க் கிளை, யார் கல்யாணத்துக்கு எந்தப் பாய் போனது என்று. பின்னலைவிட இந்தப் பேச்சுதான் பேத்திக்குக் கிடைக்கப்போகிற பெரிய சொத்து என்று நான் நினைக்கிறேன். எந்தக் காணொளியிலும் இது கிடையாது. மொழி கொஞ்சமாவது தெரிந்தால் நல்லது, மருமகளைக் கூட உட்காரச் சொல்லுங்கள்.

எல்லாம் எப்போதும் ஒழுங்காகவே நடந்தது என்று எண்ண வேண்டாம். 1918 நவம்பரில் ஆக்லாந்திலிருந்து போன ஒரு கப்பல் இன்ஃப்ளுயன்ஸாவைச் சமோவாத் தலைநகர் ஆப்பியாவில் இறக்கியது. சில வாரங்களில் சுமார் 8,500 பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல், செத்துப்போனார்கள். அதில் எத்தனை பாட்டிகள், எத்தனை கைகள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. 1962 விடுதலைக்கு முந்திய நியூசிலாந்து ஆட்சியில், இது நேர விரயம் என்று சொல்லிப் பாய்ப் பரிமாற்றத்தைத் தடுக்கவும் பார்த்தார்கள். அதையும் தாண்டி வழக்கம் நின்றது. ஆனால் பிற்பாடு வேறு மாதிரி சரிந்தது. வெளிநாட்டுக் காசு வந்து சடங்குகள் பெருத்தபோது, எத்தனை பாய் என்ற எண்ணிக்கை முக்கியமாகிவிட்டது. அகலக் கீற்றில், சில வாரத்தில் முடைந்த பெரிய முரட்டுப் பாய்கள் நூற்றுக்கணக்கில் கைமாறின. எனக்கு அந்தப் பாய்கள் பிடிக்காது. ஆனால் ஒரு சாவுக்கு நூறு பாய் கொடுக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கும் பெண்ணைக் குறை சொல்லவும் மாட்டேன்.

1990இல் ஓஃபா, 1991இல் வால் என்று இரண்டு பெரும் புயல்கள் தோட்டங்களை அழித்தன. அந்தக் காலத்தில், 1991இல் தொடங்கிய பெண்கள் தொழில் வளர்ச்சி அமைப்பு ஒன்று பழைய நுண் முடைதலை மீட்கும் வேலையில் இறங்கியது. பாய் வேண்டியவர்கள் முடைபவளுக்கு வாரா வாரம் கொஞ்சம் பணம் கொடுத்து வருவது, வேலை எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பது என்று ஒரு ஏற்பாடு. நல்ல இயே சாயே இன்று ஆயிரக்கணக்கான தாலாவுக்கு, அதாவது சமோவாப் பணத்துக்கு, விலை போகிறது. ஊர்களில் பெண்கள் கூடி உட்கார்ந்து முடையும் 'ஃபாலே லலங்கா' என்ற முடைதல் வீடுகள் மறுபடி சுறுசுறுப்பாயின. 2019இல் யுனெஸ்கோ இந்தப் பாயையும் அதன் பண்பாட்டு மதிப்பையும் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே இன்றைய சமோவாவில் கற்பது பாட்டியிடம் மட்டுமல்ல, இந்தக் கூட்டத்திலும்தான். தன் பாட்டிக்கு மெல்லிய பாய் தெரியாத பெண் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கற்கிறாள்.

ஆக்லாந்தில் நிலைமை வேறு. சமோவாவில் சுமார் 2 லட்சம் பேர்தான். நியூசிலாந்தில் சமோவா வம்சத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் லௌஇயே தோட்டம் இங்கே கிடையாது, கடல் நீரில் ஊறப்போட வீட்டு வாசலில் கடலும் கிடையாது. அதனால் பாட்டி இங்கே முடைவது பெரும்பாலும் ஊரிலிருந்து வரும் காய்ந்த லௌஃபாலா சுருளில்தான் இருக்கும். உங்கள் பேத்திக்கு அதுவே போதும்.

நடைமுறையில் சொன்னால் இப்படிச் செய்யுங்கள். 'கற்றுக்கொடுங்கள்' என்று பேத்தியைக் கேட்க வைக்க வேண்டாம். உதவிக்கு வந்திருக்கிறாள் என்று மருமகள் சொல்லட்டும். கூலி, கட்டணம் என்ற பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள், குடும்பத்துக்குள் அது முகத்தில் அடித்த மாதிரி. சாப்பாடு எடுத்துப் போங்கள், நிறைய. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது குறுக்கே நிமிர்ந்து நடக்காமல், கொஞ்சம் குனிந்து 'துலோவ்' என்று சொல்லிப் போகப் பழக்குங்கள். மடித்து வைத்திருக்கும் மெல்லிய பாயைத் தாண்டவோ அதன் மேல் எதையும் வைக்கவோ கூடாது. படம் எடுக்க வேண்டும் என்றால் முதல் நாளே வேண்டாம்.

எவ்வளவு நாள் என்றால், என் கணக்கு இது. வாரம் ஒருநாள் போனால் முதல் இரண்டு மூன்று மாதம் ஓலை சுற்றலும் கீற்று வகிர்வதும். அப்புறம் ஒரு விசிறி, 'இலி' என்பார்கள். முதல் விசிறி கோணலாக வரும், வரட்டும். என்னுடையது ஒரு பக்கம் அகலமாகி முறம் மாதிரி இருந்தது, இன்றும் சமையலறையில் அதைத்தான் வைத்திருக்கிறேன். தட்டுப்பாய்க்கு ஒரு வருஷம். ஆள் படுக்கும் பாய்க்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் கை வேண்டும், பொறுமைக்காகவும் கை நீளத்துக்காகவும். மெல்லிய பாயைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். பள்ளி விடுமுறைக்குச் சமோவா போகிற யோகம் வந்தால், குடும்பத்து ஊரில் முடைதல் வீட்டில் ஒரு வாரம் ஓரமாக உட்காரட்டும்.

அதுவரை ஊரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் லௌஃபாலா சுருள் இரண்டு கேட்டு வாங்குங்கள். நன்றாகக் காய்ந்ததாக, பூச்சியும் மண்ணும் இல்லாததாக இருக்க வேண்டும். ஆக்லாந்து விமான நிலையத்தில் தாவரப் பொருள் இருக்கிறது என்று படிவத்தில் மறக்காமல் குறிக்கச் சொல்லுங்கள். குறித்துவிட்டால் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். மறைத்தால் அபராதமும் கட்ட வேண்டும், ஓலையும் போய்விடும்.